அக்கா வீட்டு நீலக் கோடு

ஏரித்தெரு, சிதம்பரம்
ஆவணிக் கடைசி

அன்புத் தம்பி செம்பியனுக்கு,

அக்கா மங்கலம் எழுதுவது. நானும் உன் மாமாவும் பிள்ளை அறிவுமதியும் சுகம். சென்னையில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால், “போக்கா, ஒனக்கு வேற வேல இல்ல” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

ஏரிக்குள் குடியேறிய தெரு இது என்று எல்லோருக்கும் தெரியும். ஏரியைத் திரும்ப நிரப்பும் திட்டத்துக்கு அளவெடுக்க நீ ஆட்களோடு வந்து, தண்ணீர் நிற்கப் போகும் மட்டத்தை வீடு வீடாக நீலக் கோடு போட்டுப் போனாயே, சன்னல் உயரத்தில் கோடு விழுந்தவர்கள் எல்லோரும் மாற்று வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நம் வீட்டில் மட்டும் வாசற்படிக்குக் கீழே போட்டு, மேடு என்று எழுதிக்கொண்டாய். உன் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. “ஒன் தம்பி தம்பிதான்டி, அக்கா வூட்ட வுட்டுக் குடுக்கல பாரு” என்று சொல்லி, சிப்காட்டில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது தெருவில் நாங்கள் மட்டும். வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் காய்ந்து கிடக்கிற தெருவில் கொக்குகள் வந்து ஒற்றைக் காலில் நிற்கின்றன. மீன்கொத்தி ஒன்று கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து வெறும் தரையையே பார்க்கிறது. நேற்று சட்டென்று கீழே பாய்ந்தது. ஐயோ, மோதிச் சாகப்போகிறதே என்று பதறினேன். அலகில் என்னவோ மினுங்க, பழையபடி கம்பியில் போய் உட்கார்ந்தது.

சுவரெல்லாம் ஈரம் கோக்கிறது, தம்பி. நாலு சுவரிலும் ரசமட்டம் பிடித்தது போல ஒரே நேராக, சன்னல் உயரத்துக்கு. எதிரே ஜான்சி வீட்டில் உன் கோடு எங்கே இருக்கிறதோ, அதே மட்டம். விட்டுப்போன கறிவேப்பிலைக் கன்றை எடுக்க வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள். “ஏன்க்கா, ஒன் வூட்டுக் கோடு மட்டும் கீழ கெடக்கு? தண்ணி ஒனக்கு மட்டும் குனிஞ்சி போவுமா?” என்றாள்.

சுண்ணாம்பு அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் உன் மாமா. இன்று காலை தூளியின் அடி நனைந்திருந்தது. பிள்ளை மூத்திரம் போய்விட்டான் என்று பிழிந்தேன். சேற்று வாடை அடித்தது. மடிப்புக்குள் ஒரு நத்தை. தூளியை உத்தரத்தை ஒட்டி உயரக் கட்டிவிட்டேன். நின்றுகொண்டுதான் ஆட்டுகிறேன்.

கரை வேலை முடிந்துவிட்டது. ஐப்பசியில் மதகை இறக்கித் தண்ணீரை நிறுத்தப் போகிறார்களாம். எங்களுக்கும் மாற்று வீடு கேட்டுத் திட்ட ஆபீசுக்குப் போனேன். “ஒங்க வூடு மேடும்மா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது” என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

உன் பாசத்தில் ஒரு குறையும் இல்லை, சாமி. ஆனால் தண்ணீருக்கு ஏது அக்கா, ஏது தம்பி? உனக்கு நல்ல பேரும் நிறைந்த ஆயுசும் வரட்டும். மதகு இறங்குவதற்குள் ஒரு நடை வந்து, ஊராருக்குப் போட்ட கோட்டையே எனக்கும் போட்டுவிடு. வரும்போது நீலப் பெயிண்டை மறந்துவிடாதே.

தூளியை விடாமல் பிடித்தபடி,
உன் அக்கா
மங்கலம்