மூன்று சைலென்சரும் கேட்கவில்லை

சுபா,

சோறும் மீன்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். வீட்டுத் திறப்பு பூச்சாடிக்குக் கீழே. குறூசர் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் மானிப்பாய்க்குப் போகிறேன், டாக்டரிடம் காது காட்ட.

"இந்த வயதிலை ஊரை எழுப்பவோ புதுச் சைலென்சர்?" என்று கேட்டீராம். மகள் முன்னால் நின்று சொன்னபோதுதான் தெரிந்தது. மறுமொழி சொல்லாதது திமிரில் இல்லை. பழைய சைலென்சரும் எனக்குக் கேட்பதில்லை, அதனால்தான் புதிது தேடினேன்.

நேற்றுக் கடையில் மூன்று சைலென்சரை வண்டியில் பூட்டிப் பார்த்தோம். நீளக் குழாய் கேட்கவில்லை. வாய் சரிவாக வெட்டினதும் அப்படியே. கட்டைக் குழாய்க்குக் கடைக்காரன் காதைப் பொத்தினான். எனக்குப் பானைக்குள் யாரோ இருமின மாதிரி இருந்தது. பிறகு அவன் சொன்ன விலை விளங்காமலே ஓம் என்று தலையாட்டினேன். கொடிகாமம் சந்தையில் பேரம் பேசி வளர்ந்த நான், முதல் விலைக்கே. அவனுக்கே பாவமாகிவிட்டது. "அண்ணை, குறைச்சுக் கேளுங்கோ" என்று என் காதுக்குள் கத்தினான்.

வாங்காமல் வந்துவிட்டேன். இனி எந்தக் குழாயும் உதவாது. டாக்டரும் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை.

செல்வன்

பி.கு: குசினியிலிருந்து கூப்பிடாதேயும். முன்னால் வந்து நின்று ஏசும். எவ்வளவு கோபம் என்று முகத்தில் பார்த்துக்கொள்கிறேன்.