ஒற்றைப் படத்திற்கான மின்னூட்டம்

நண்பனே,

சுவர்ச் செருகியில் உன் மின்னேற்றி சூடேறி, பழைய நெகிழியின் மணத்தை அறையெங்கும் பரப்புகிறது. உன் ஒளிப்படக் கருவியோடு இதையும் உன் மனைவி என்னிடம் தந்தார். நாளை மறுநாள் பினாங்கு செல்கிறேன். இம்முறை தனியாக.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கு நான் உரையாற்றச் சென்றபோது நீ உடன் வந்தாய். நெய்வேலி அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டறையில் வாழ்நாளைக் கழித்தவன் நீ. விடுதியில் சாவி அட்டையை வாங்குமுன்பே, ஊருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எதை எரிக்கிறார்கள் என வரவேற்பறைத் தமிழ்ப்பெண்ணைக் கேட்டாய். அவளுக்குத் தெரியவில்லை.

"கரண்டு எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம இவங்களுக்கு எப்படிய்யா தூக்கம் வருது?" என்று மின்தூக்கியில் வியந்தாய்.

மின்சாரம் என்று சொல் எனத் திருத்தினேன்.

"மின்சாரம்னு சொன்னா வோல்ட்டு ஏறிடுமா, பேச்சாளரே?"

அப்பயணத்தில் உனக்கு உண்மையான வேலை ஒன்றுதான். ஒப்பந்த முறையில் வெல்டிங் வேலைக்கு அங்கு போன உன் தம்பி, விபத்தில் இறந்து அங்கேயே அடக்கமானவன். உன் அம்மா அக்கல்லறையைக் கண்டதில்லை. "அவன் படுத்துகினு இருக்கற எடத்த ஒரு படம் புடிச்சாந்துடு" என்றுதான் உன்னை வழியனுப்பினார்.

நானோ, முதல்நாள் மேடையில் கை உயர்த்திய தோற்றம், விரல் நீட்டிய தோற்றம் என எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி, மின்கலத்தை வற்ற வைத்தேன். மறுநாள் காலை அதை மின்னேற்றியில் பொருத்தினாய். விருந்துக்குக் கிளம்பும்போது, கதவருகே சுவர்ப் பிளவிலிருந்த சாவி அட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவன் நான்.

பிற்பகலில் திரும்பி அட்டையைப் பிளவில் வைத்தேன். அப்போதுதான் மின்னேற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையை எடுத்தால் அறைக்கே மின்சாரம் நின்றுவிடும் என்பதை, மின்வெட்டு அறியா நெய்வேலி நகரியத்தார் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அட்டையை எடுப்பதும் வைப்பதுமாக அந்தப் பிளவையே ஆராய்ந்தாய்.

"நம்ம ஊர்ல வூட்டப் பூட்டிகினு போனா கரண்டும் கூடவே பொறப்பட்டு வருமா?"

சிரிப்பு அடங்கியதும் உன் முகம் வாடிற்று. ஐந்து மணிக்குக் கல்லறைத் தோட்டம் மூடப்படும். அன்றே ஊர் திரும்ப வேண்டும். நம்மிடம் இருந்தவை படமெடுக்காத பொத்தான் கைப்பேசிகள். கல்லறைக்கு அழைத்துப்போக வந்தவர் கீழே காத்திருந்தார். பத்து நிமிடம் மட்டும் மின்னேற்றினாய்.

கல்லறையின் முன், மின்னூட்டம் மிச்சமாகட்டும் எனக் கருவியின் திரையை அணைத்துவிட்டு, கண்துளை வழியே பார்த்து, ஒரே ஒரு படம் எடுத்தாய். அத்துடன் கருவி நின்றது. படம் விழுந்ததா என்று தெரியாமலேயே ஊர் வந்து சேர்ந்தோம்.

விழுந்திருந்தது. ஏன் ஒன்றே ஒன்று என அம்மா கேட்டபோது, "நாந்தாம்மா சார்ஜ் போட மறந்துட்டேன்" என்றாய். நான் அருகில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அதை இன்று உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் அடுத்த கல்லறை பாதி தெரிந்தது. அதன் பெயர் படத்துக்கு வெளியே போயிருந்தது. அங்கே விரலை வைத்து, "இவன் பக்கத்துல இருக்கறது யாருப்பா?" என்றார். உனக்குத் தெரியவில்லை. மறுபடி போய்ப் பார்த்து வருகிறேன் என்றாய். போக முடியாமலேயே சென்ற ஆண்டு நீயும் மறைந்தாய்.

நேற்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளச் சென்றேன். அந்த அட்டை, என் கை, உன் பொய், எல்லாவற்றையும் சொன்னேன். 

"அது கெடக்கட்டும் தம்பி. இந்தத் தடவ பக்கத்துல இருக்கறவங்க பேரப் பாத்துகினு வா. இத்தினி வருசமா இவனுக்கு மாதா கோயில்ல பூச வைக்கறப்பல்லாம், பக்கத்துல இருக்கறவங்களுக்கும்னுதான் சாமியார்கிட்ட சொல்றேன். பேரு தெரிஞ்சா பேரச் சொல்லிடுவேன்."

அந்தப் பெயரை எழுதிக்கொண்டு வரும் வேலையை உன்னிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.