ஏரிக்காக நான் எழுதிய மனு

திருத்தணி,
21-1-1947

அன்புள்ள அப்பாவுக்கு மரகதம் பணிந்து எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமலும் அம்மாவின் முழங்கால் வலியும் தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை. ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து ரயிலில் வந்து ஏரியில் வாத்து சுடும் வேட்டை கிளப்பார், பறவைகளைக் காக்க வேண்டுமென்று ஊரார் பெயரில் சர்க்காருக்கு மனு எழுதித் தரச் சொன்னார்கள். பி.ஏ. படித்தவள் கேட்டால் மதிப்பாம். நானும் சந்தோஷமாக எழுதி, முதல் கையெழுத்தும் போட்டேன். பொங்கலுக்கு முன் உத்தரவு வந்தது. ஏரியில் கோரை அறுக்கக் கூடாது, வலை வீசக் கூடாது. துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குத் தண்ணீர் எடுத்துத் தரும் எல்லம்மாள் கோரை அறுத்துப் பிழைப்பவள். "சுடறவன் சுட்டுகினே கீறான். அறுக்கற நான்தான் பட்சிக்கு எமனா, டீச்சரம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பொங்கலன்றும் வரவில்லை. இங்கே என்னோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

துப்பாக்கியையும் நிறுத்தச் சொல்லி நேற்று இன்னொரு மனு அனுப்பினேன். எங்கள் பள்ளி மானேஜரும் அந்தக் கிளப்தான். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

கிணறு ஆழம். பன்னிரண்டு பாகம் நீளத்தில் தேங்காய்நார்க் கயிறு ரயில் பார்சலில் அனுப்புங்கள். எல்லம்மாள் வந்துவிட்டால், வேண்டாமென்று அன்றைக்கே எழுதுகிறேன்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

மரகதம்