உட்கார விடாத கால்

அண்ணே,

இன்று காலை உன் பேத்தி கல்யாணத்துக்காகப் பட்டுக்கோட்டை பஸ் ஏறினேன். முன் சீட்டுக்காரர் தைல பாட்டிலைத் திறந்து முழங்காலில் தேய்த்தார். வண்டி முழுக்க உன் வாசனை. எத்தனை பாட்டில் தேய்த்திருப்பாய்! நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், யாரோ சொன்னார்கள் என்று கடுகெண்ணெய்கூட. ஒன்றும் கேட்கவில்லை. வலிக்கிற காலுக்குத்தானே தைலம்? உனக்கு வலிக்கவே இல்லையே. அதைத்தான் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

சின்ன வயதில் உனக்கும் எனக்கும் ஒரே பாய். நான் கண் அசரும்போது நீ காலை உதறுவாய். "சும்மா கெடடா, காலாட்டுனா குடும்பத்துக்கு ஆகாது" என்று அம்மா அதட்டுவாள். "உள்ளுக்குள்ள என்னமோ ஊருதும்மா" என்பாய். பகல் முழுக்க நடவு நட்டு வந்தவளுக்கு அதைக் கேட்கத் தெம்பு ஏது? நீயே எழுந்து வாய்க்கால் கரையில் நடப்பாய். நடந்தால் போய்விடும், வந்து படுத்தால் மறுபடியும் ஆரம்பிக்கும். போலீஸ் தடி எப்படியிருக்கும் என்றே உனக்குத் தெரியாத வயது அது.

பிறகு ஆட்சி மாறியது. மேடைக்கு மேடை புதுப் பேச்சு. நம் தெருவுக்குக் கூலி மட்டும் பழைய கூலிதான். அறுவடைக்கு அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்குத்தான் அந்தத் தடியடி. உன் முழங்காலுக்குக் கீழே நன்றாகவே விழுந்தது. வீக்கம் சீக்கிரமே வடிந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் உன் கால் ஆடும்போதெல்லாம், 'அடிபட்ட காலு' என்று நம் விவசாயக் கூலிச் சங்கத்து ஆட்கள் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

தாலுகா ஆபீஸ் பேச்சுவார்த்தையை எப்படி மறப்பது? ஒரு பக்கம் மிராசுதார்கள், எதிர்ப் பக்கம் நீங்கள், நடுவில் தாசில்தார். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. திடீரென்று நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே நடந்தாய். நம் ஆட்கள் அத்தனை பேரும் உன் பின்னால் எழுந்து வந்தார்கள். வாசலில் நின்ற நாங்கள் ஒன்றும் புரியாமலேயே கோஷம் போட்டோம். உள்ளே மிராசுதார்கள் மிரண்டுபோய் அரைப்படிக்குச் சம்மதித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

"காலு உக்கார விடல பாப்பா. ரெண்டு சுத்து நடந்துட்டு வரலாம்னு எந்திரிச்சேன். அதுக்குப் போயி வெளிநடப்புங்குறானுங்க!"

அன்று முதல் நீ சங்கத்தின் சொத்து, உன் காலும்தான். நீ எழுந்தால் ஓர் அர்த்தம், நடந்தால் ஓர் அர்த்தம். நீ தூங்காதது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. கும்பகோணத்து டாக்டர் அடிபட்ட நரம்பு என்றார். தஞ்சாவூர் டாக்டர் மனக்கவலை என்று தூக்க மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டதும் கால் பேயாட்டம் ஆடியது. "அடி வாங்குறதுக்கு முன்னாடியே இருந்துச்சுங்க" என்று பார்த்த டாக்டரிடமெல்லாம் சொன்னாய். சொல்லிச் சொல்லி உனக்கே சலித்துவிட்டது. கடைசிக் காலத்தில் அவர்கள் கேட்பதற்கு முன்பே, "தடியடிங்க" என்று நீயே சொல்ல ஆரம்பித்தாய். கண்ணுக்குக் கீழே கறுத்து, நின்றபடியே சாப்பிட்டு, அப்படியே போய்ச் சேர்ந்தாய்.

அதே கால் எனக்கும் வந்தது. டீச்சர் வேலை, நாளெல்லாம் நின்றே பாடம் நடத்தலாம், அதனால் ஓய்வு பெறும்வரை ஒப்பேற்றினேன். வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் பிடித்தது சனியன். போன டாக்டரிடமெல்லாம் கால்சியம் மாத்திரை. அப்புறம் ஒரு சின்ன வயசுக்காரரிடம் போனேன். அவரும் நிமிர்ந்து பார்க்காமல் கால்சியம் என்று எழுதத் தொடங்கினார். எனக்கு வந்ததே கோபம்!

"தம்பி, வலின்னு நான் சொல்லவே இல்லியே. நீங்களா எழுதிக்கிட்டா எப்படி?"

பேனாவை வைத்துவிட்டார். "சரிம்மா. என்னதான் பண்ணுது, சொல்லுங்க."

சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "எனக்குத் தெரியலம்மா. படிச்சுப் பாக்குறேன். வியாழக்கிழமை வாங்க" என்றார்.

தெரியவில்லை என்று சொன்ன டாக்டரை, அண்ணே, என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன். உன்னைப் பார்த்தவர்களில் ஒரே ஒருத்தர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?

வியாழக்கிழமை அவர் முதலில் கேட்டது, "உங்க வீட்ல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சாம்மா?" வாய்க்கால் கரையில் நீ நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இதற்குப் பெயரே இருக்கிறதாம், ஓய்வில்லாக் கால் நோய். குடும்ப வழியில் வருமாம். இரும்புச் சத்து குறைந்தால் கூடுமாம். சில தூக்க மாத்திரைகள் அதைக் கிளறிவிடுமாம். "காலேஜ்ல அரைப் பக்கம்தாம்மா இருந்துச்சு. பரீட்சைக்கு வராதுன்னு தள்ளிட்டோம்" என்றார். ரத்தத்தைச் சோதித்தார், இரும்புச் சத்து அடிமட்டத்தில் கிடந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் அடங்கியது.

போன வாரம் போனபோது, டாக்டர்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார். "உங்க அண்ணனைப் பத்திச் சொல்லலாமாம்மா?"

"தாராளமா சொல்லுங்க தம்பி. வலிக்குதான்னு கேக்குறதோட விட்டுடாதீங்க. உக்காந்தா வருதா, நடந்தா போவுதான்னு கேக்கச் சொல்லுங்க."

இன்று மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தேன். உன் மகள் கல்யாணத்தில் நீ சாம்பார் சோற்றோடு எழுந்து போய், சம்பந்தி வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களே, அது மாதிரி ஒரு பந்தி. ரசம் வந்தது, பாயசம் வந்தது, மோரும் வந்தது. என் கால் இரண்டும் பேசாமல் கிடந்தன. பக்கத்து இலைக்காரர்கள் எழுந்த பிறகும் நான் எழவில்லை. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பரிமாறிய பெண் பதறிப்போய், "ஊறுகா காரமா பெரியம்மா? தண்ணி குடிங்க" என்று டம்ளரை நீட்டினாள். ஆமாம் என்று வாங்கிக் குடித்தேன்.

இவ்வளவுதானா அண்ணே? கேட்பதற்கு ஒரு கேள்வி, விழுங்குவதற்கு ஒரு மாத்திரை. அதுகூட இல்லாமல் ஆயுசு முழுக்க உன்னை நடக்க விட்டுவிட்டார்களே. இந்த ஆத்திரத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?