வேனா பஸ்ஸா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகள் அபீருக்கு உன் பாபா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே தோஸரில் நாங்கள் சுகம். அந்தப் பனி ஊரில் நீயும் மாப்பிள்ளை ஷுக்ரியும் என் கண்ணுக்குட்டி இல்யெஸும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படி கட்டினது நானாம். எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்றைத் தவிர வேறு ஒரு நோயும் கிடையாது. அது எதனால் வந்தது என்பது படிக்கப் படிக்க உனக்கே விளங்கும்.

போன் இருக்கும்போது இந்தக் கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அந்தப் பக்கம் மாப்பிள்ளை காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அவர் காதில் விழுந்தது அன்று சாயங்காலமே அவர் அப்பா காதுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் அடுத்த வீட்டு ஃபவ்ஸி மாண்ட்ரியலுக்குக் கிளம்புகிறான் என்றதும் இந்தக் காகிதத்தை ஹரிஸா மிளகாய் விழுது பாட்டில் சுற்றின துணிக்குள் வைத்து அனுப்புகிறேன். காரம் என்றாலே கண்ணில் நீர் விடுகிற ஆள் மாப்பிள்ளை, அந்தப் பொட்டலத்தின் பக்கமே வரமாட்டார். துனிஸியாவில் பிறந்து ஹரிஸா தின்னாதவரை நீதான் தேடிப் பிடித்தாய், நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் நீ போனில் கேட்டாயே, பாபா, இந்தத் தடவை துனிஸ்ல இருந்து ஊருக்கு வேன்ல வரட்டுமா பஸ்ல வரட்டுமா, இவரு பஸ்தான் புள்ளைக்கு நல்லதுன்னு சொல்றாரு என்று. அந்த ஒரு கேள்வியில் எனக்கு அன்றைய சாப்பாடு இறங்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஆள் சேர்த்து லுவாஜ் வேன் ஓட்டின அப்பனிடம், அவன் மகள், அப்படிக் கேட்கலாமா? உன் மாமனார் புபக்கர் பெரிய பஸ் ஓட்டுகிறார் என்பதால் மாப்பிள்ளைக்குப் பஸ் ஒசத்தி. சரி, அவர் அப்பாவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நீ என்னை விட்டுக்கொடுக்கலாமா?

பஸ்ஸில் என்ன இருக்கிறது சொல். ஜன்னலைத் திறக்க முடியாது. குளிரூட்டியை வைத்தால் இறைச்சிக் கடைப் பெட்டி மாதிரி வைப்பார்கள், நிறுத்தினால் உள்ளே ரொட்டி சுடலாம். பிள்ளை அழுதால் நிறுத்துவார்களா? டிரைவருக்குப் பழக்கமான சுட்ட ஆட்டுக்கறிக் கடை வந்தால்தான் நிறுத்துவார்கள். பெட்டியைக் கீழே எங்கேயோ தள்ளிப் பூட்டிவிடுவார்கள், நடுவழியில் பிள்ளைக்கு மாற்றுச் சட்டை வேண்டும் என்றால் நீ கைரவான் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். என் வேனில் நீ பாபா என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆலிவ் மரத்தடியில் வண்டி நிற்கும். நேரே நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவேன். பஸ் எங்கே நிற்கும்? ஸ்டாண்டில். ஸ்டாண்டுக்கு எதிர்த்த வீடு யாருடையது? உன் மாமனாருடையது. பேரன் முதலில் எந்த வீட்டு வாசலை மிதிப்பான் என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா.

வேனிலும் ஒரு குறை உண்டு, நான் மறைக்கவில்லை. எட்டு ஸீட்டும் நிறைகிற வரைக்கும் கிளம்பாது. பஸ் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி அடித்ததும் போய்விடும். போன கோடையில் நான் தோற்றது அதில்தான். உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும், என் பக்கம் நடந்தது தெரியாது, இப்போது கேள். துனிஸ் ஸ்டாண்டில் வரிசையில் என் முறை வந்து நிற்கிறது. ஐந்து பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், மூன்று ஸீட்டை உங்களுக்காக என் கோட்டைப் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறேன். உங்கள் விமானம் தாமதம். உள்ளே இருந்த கஃப்ஸாக்காரன் ஒருவன், யோவ் அண்ணே, இந்த மூணு ஸீட்டுல யாரு உக்காந்திருக்கா, ஜின் பூதமா என்கிறான். ஒரு நர்ஸ் அம்மா, இப்பிடியே போனா இங்கயே நோன்பு மாசம் வந்துரும் போலிருக்கே என்கிறாள். வந்துட்டாங்க, இதோ வந்துட்டாங்க, என் மக வெளிநாட்டுல இருந்து வருது என்று எல்லோரிடமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அப்போது உன் போன் வருகிறது. பாபா, கோவிச்சுக்காதீங்க, மாமா யூனிஃபார்மோட ஏர்போர்ட்டுக்கே வந்துட்டாரு, லஸ்ஹர் சம்பந்தி வேன் நெறையுறதுக்குள்ள புள்ள வெயில்ல வாடிரும்னாரு, பஸ் ஏறிட்டோம் என்று நீ சொன்னாய். மூன்று ஸீட்டிலும் வேறு யாரோ ஏறினார்கள். கைரவான் தாண்டி உங்கள் பஸ் என்னை முந்திப் போயிற்று. மேலே இருந்து உன் மாமனார் என்னைப் பார்த்து இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அந்தச் சத்தம் இன்னமும் என் காதில்தான் இருக்கிறது.

அதனால்தான் நீங்கள் திரும்பிப் போகும்போது என் வேனில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நீயும் சரி என்றாய். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்! வண்டியைக் கழுவித் துடைத்து, ஸீட்டுக்குப் புது உறை போட்டு, கண்ணேறு படாமல் இருக்க மீன் பொம்மை தொங்கவிட்டு, வேறு ஒரு பயணியையும் ஏற்றாமல் நம் குடும்பம் மட்டும் என்று வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். வழியனுப்ப வந்த உன் மாமனார் என்ன செய்தார்? நானும் ஏர்போர்ட் வரைக்கும் வர்றேனே சம்பந்தி, இன்னிக்கு எனக்கு லீவுதான் என்று சொல்லிக்கொண்டே ஏறி நடு ஸீட்டில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா, மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. உட்கார்ந்ததும் முதல் வேலையாக உன் மடியில் இருந்த இல்யெஸைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு துனிஸ் வரைக்கும் நான் கண்டதெல்லாம் என் தலைக்கு மேல் இருக்கிற அந்தக் கண்ணாடியில் கண்டதுதான். பிள்ளை அவர் காதைப் பிடித்து இழுக்கிறான். அவர் சட்டைப் பொத்தானை வாயில் வைக்கிறான். அவர் மாதிரியே பஸ் ஹாரன் சத்தம் போடக் கற்றுக்கொள்கிறான். நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், உன் அம்மா பின்னால் இருந்து தோளில் ஓர் அடி வைத்தாள், ரோட்டப் பாருங்க மனுஷா, எல்லாரையும் கொல்லப் போறீங்களா என்று. கைரவானுக்கு முன்னாலேயே பிள்ளை அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். வாயோரம் எச்சில் வழிந்து அவர் காலரில் வட்டமாக ஊறிக்கொண்டிருக்கிறது, நான் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறேன். வண்டி என்னுடையது, டீசல் என்னுடையது, தூங்குகிற பிள்ளை அவருடைய தோளில். ஏர்போர்ட்டில் இன்ஜினை நிறுத்திவிட்டு ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினேன். எழுப்பாதீங்க பாபா, பாவம் என்று நீதான் சொன்னாய். தூங்கினபடியே உள்ளே போய்விட்டான், என் முகத்தைப் பார்க்காமலே.

இதோடு விட்டாரா அந்த மனுஷர்? மறுநாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். பாருங்க சம்பந்தி, தொவச்சாலும் போக மாட்டேங்குது, பேரன் வச்ச முத்திரை என்று காலரைத் தடவித் தடவி எல்லோருக்கும் காட்டுகிறார். துவைக்கவே இல்லை, எனக்குத் தெரியாதா. பாதாம் போட்ட டீ அன்றைக்கு எனக்கு வேப்பெண்ணெயாக இருந்தது. அதைவிட வலித்தது நோன்புப் பெருநாள் அன்று. நீ போனை என் பக்கம் திருப்பி, இது யாருடா, ஜத்தி சொல்லு, தாத்தா சொல்லு என்றாயே. அவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, இது ஜத்தி இல்ல, ஜத்தி பஸ்ல இருக்காரு என்றான். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பொறாமைதான், ஆமாம், பச்சைப் பொறாமை. இந்த வயதில் எனக்கு என்ன வெட்கம்.

ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் வேன் என்று எழுத உட்கார்ந்தவன் ஏன் மாறிப்போனேன் என்பதைச் சொல்கிறேன். நாலைந்து நாளைக்கு முன்னால் என் வண்டியின் கியர் பெட்டி மக்கர் செய்து கஃப்ஸா மெக்கானிக்கிடம் கிடந்தது. எடுத்துவர வேறு ஒருத்தன் வேனில் பயணியாகப் போனேன். பின் ஸீட்டில் ஓரமாக உட்கார்ந்து போவது எனக்கே புதுசாக இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண், கையில் பிள்ளை, பையில் எதையோ தேடுகிறாள். கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா பெரியப்பா என்று என் பதிலுக்குக் காத்திராமல் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டாள். யார் வீட்டுப் பிள்ளையோ, என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிற்று. கஃப்ஸா வரைக்கும் நான் அசையவில்லை. கால் மரத்துப்போனது, இறங்கும்போது அந்தப் பெண்தான் கை கொடுத்தாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஸ்டீயரிங் பிடித்தவனுக்கு ரோடுதான், பிள்ளை கிடையாது. உன்னைக்கூட நான் கண்ணாடியில் பார்த்துத்தானே வளர்த்தேன் அபீர். பள்ளிக்கூட லீவில் நீ என் வண்டியில் ஊர் ஊராக வருவாய், யார் யார் மடியிலோ தூங்குவாய், நான் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போவேன்.

ஆகவே மகளே, நன்றாகக் கேள். இந்தத் தடவை பஸ்ஸிலேயே வா. மாப்பிள்ளை சொன்னதே சரி, பெரிய வண்டி, பிள்ளைக்கு நல்லது, நானே சொன்னதாக அவரிடம் சொல். நான் சும்மா சொல்லவில்லை, பஸ் ஆபீஸுக்குப் போய் டிக்கெட் ஜன்னலில் இருக்கிற தாஹரிடம் நீங்கள் வருகிற அன்றைக்குத் துனிஸில் இருந்து வண்டியை எடுக்கிறது யார் என்று விசாரித்தேன். தாஹர் சிரிக்கிறான். வேற யாரு, உங்க சம்பந்திதான் லஸ்ஹர் அண்ணே, மருமகளும் பேரனும் வர்றாங்க, நான்தான் ஓட்டிட்டு வருவேன்னு சண்டை போட்டு வாங்கியிருக்காரு என்றான். எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது. டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற ஸீட்டையும் அதற்குப் பக்கத்து ஸீட்டையும் பதிவு செய்துவிட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு, முந்தின நாளே நான் துனிஸுக்கு வந்துவிடுவேன். மாப்பிள்ளைக்கு எங்கேயோ கடைசி ஸீட்டைப் போட்டிருக்கிறான், பரவாயில்லை. என் வேனை அன்றைக்கு உன் சித்தப்பா மகன் ஓட்டட்டும், அல்லது சும்மா நிற்கட்டும். உன் அம்மா விஷயம் தெரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், ரெண்டு கெழவனுங்களுக்கும் அந்தப் புள்ளைய விட வயசு கம்மி என்கிறாள். சிரிக்கட்டும். அவர் தலைக்கு மேலும் ஒரு கண்ணாடி இருக்கிறது, துனிஸில் இருந்து தோஸர் வரைக்கும் அதில் என்னைப் பார்த்துக்கொண்டே வரட்டும்.

நானும் அந்தப் பஸ்ஸில் ஏறப்போவதை மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே. சொன்னால் உன் மாமனார் அன்றைக்கே வேறு ஆளுக்கு டியூட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார், எனக்கு அவரைத் தெரியும். ஸ்டாண்டில் இறங்கினதும் அவர் வீட்டுக்கே முதலில் போ, ஒரு டீ குடி, மரியாதையாக இரு, அதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. குளிருக்குக் கம்பளிக் காலுறை எடுத்து வா, அந்தப் பஸ்ஸின் குளிர் உனக்குத் தெரியும். விமானத்தில் பிள்ளையைத் தூங்கவிடாதே, எவ்வளவு ஆட்டம் போட்டாலும் போடட்டும், உனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், இந்த ஒரு தடவை அப்பாவுக்காகப் பொறுத்துக்கொள். பஸ் ஏறினதும் சோர்ந்துபோய்த் தூங்க வேண்டும் அவன்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உன் கைக்கும் மாப்பிள்ளை கைக்கும் பரக்கத் உண்டாகட்டும், என் பேரனுக்கு நீண்ட ஆயுளும் நல்ல பசியும் கிடைக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் புது வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறேன், அன்றைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன். பிள்ளையை என் தோளில் சாய்க்கும்போது சட்டை அழுக்காகிவிடுமே என்று கீழே துணி கிணி எதையும் விரித்துவிடாதே.

இப்படிக்கு,
அன்றைக்கு வண்டி ஓட்டாத
உன் பாபா லஸ்ஹர்