கண்ணாடியின் உள்பக்கம்

மார்ச் 3, திங்கள்
இன்றிலிருந்து மச்சினன் கடை. கார் கண்ணாடிகளுக்குக் கூலிங் ஃபிலிம் ஒட்டும் வேலை. போன மாதம்வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவன், இன்று நிற்கிற காருக்குள் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிறேன். வலிப்பு வந்தவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்லவேளை, அது வந்தது வீட்டில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால். பேருந்தில், பிள்ளைகளோடு வந்திருந்தால் — வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

மச்சினனுக்கு என்னை வேலை வாங்கக் கூச்சம். "மாமா, நீங்க சும்மா உக்காந்து பாருங்க" என்கிறான். எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?

மார்ச் 5
கழுவுவதே பாதி வேலை. ஷாம்பு கலந்த தண்ணீரைப் பீய்ச்சி, சுரண்டி, வழித்து, மறுபடி பீய்ச்ச வேண்டும். ஒரே ஒரு தூசி உள்ளே மாட்டினாலும் ஃபிலிம் கொப்புளமாக எழும்பி நிற்கும். நான் ஒட்டிய முதல் கண்ணாடிக்கு அம்மை போட்டிருந்தது. மச்சினனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரித்திருக்கலாம். நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

மார்ச் 11
மடிப்பு. பிரித்து ஒட்டினால் மறுபடியும் மடிப்பு. கிழித்துப் போட்டேன்.

மார்ச் 20
பின்கண்ணாடி வளைவானது. தட்டையான ஃபிலிம் அதில் சட்டென்று படியாது. முதலில் வெளிப்பக்கம் விரித்து, ஹீட் கன்னின் சூடான காற்றைக் காட்டிக் காட்டிச் சுருக்க வேண்டும். வளைவு பழகிய பிறகுதான் உள்ளே ஒட்டுவது. இன்று நான் ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்துவிட்டேன். டப்பென்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகச் சீட்டில் கொட்டியது.

கார்க்காரரிடம் மச்சினன், "என் கை தவறிடுச்சு சார்" என்றான். அவன் கையாம்! என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 21
மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். "உன் தம்பி என்னை என்னன்னு நெனச்சிட்டிருக்கான்? நான் என்ன பச்சக் கொழந்தையா?"

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அவனுக்குப் பயம்ங்க. எனக்கும்தான். நீங்க குளிச்சு முடிக்கிற வரைக்கும் நான் கதவுக்கு வெளியிலயே நிக்கிறேன், தெரியுமா?"

தெரியாது.

ஏப்ரல் 2
எதற்குப் பயந்தார்களோ அது வந்துவிட்டது. பின்சீட்டில் உட்கார்ந்து பக்கக் கண்ணாடிக்கு ஒட்டிக்கொண்டிருந்தது வரை நினைவிருக்கிறது. கண் விழித்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்கு அடியில் மச்சினனின் சட்டை. அவன் வெறும் பனியனோடு என் தோளைப் பிடித்தபடி, கூடி நின்றவர்களை "தள்ளுங்க, காத்து வரட்டும்" என்று அதட்டிக்கொண்டிருந்தான்.

என் பேண்ட் நனைந்திருந்தது. மற்றவர்கள் கவனிப்பதற்குள் அவன் ஷாம்புத் தண்ணீரை எடுத்து என் மேலும் தன் மேலும் பீய்ச்சிவிட்டான். வேலையில் நனைந்த இரண்டு பேர். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 3
கடைக்குப் போகவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். இனி என்ன செய்யப்போகிறேன்?

ஏப்ரல் 5
மச்சினன் வந்தான். "எப்ப மாமா வர்றீங்க?"

"எதுக்கு மாப்ள? உன் கடைல விழுந்து கெடக்கவா?"

அவனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "விழுந்தா புடிக்க மாட்டனா? அன்னிக்குப் புடிக்கல? அது கெடக்கட்டும். நீங்க ஒட்டுன லட்சணத்த மொதல்ல வந்து பாருங்க. ஓரமெல்லாம் கோணல்! எத்தன தடவ சொன்னேன், நடுவுலேர்ந்து தேய்ங்கன்னு? காதுலயே வாங்கறதில்ல!"

திட்டுகிறான். என்னைத் திட்டுகிறான்! மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முடிவு இதுதான்: வெட்டுவதும் சூடு காட்டுவதும் அவன். கழுவுவதும் ஒட்டுவதும் நான். நான் உள்ளே இருக்கும்போது கார்க் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்.

ஏப்ரல் 8
மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 19
ஒரு கண்ணாடியில் ஒரு தூசிகூட இல்லை! மச்சினன் டார்ச் அடித்துப் பார்த்தான். ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தான். "ம்" என்றான். எனக்கு அது போதும்.

மே 11, ஞாயிறு
மனைவிக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. எங்கள் பழைய காரை எடுத்தாள். நான் பக்கத்து சீட்டில். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்தது இதுவே முதல்முறை.

சந்தை தாண்டியதும் அவளுக்குப் புழுங்கியிருக்க வேண்டும். ஜன்னல் பட்டனுக்குக் கை போனது.

"ஏய், கையை எடு!"

என் கத்தலில் பதறிப்போய் ஓரங்கட்டினாள். "ஐயோ, யாரையாவது இடிச்சிட்டேனாங்க?"

"இல்ல இல்ல. கண்ணாடிய எறக்காத. நேத்துதான் ஒட்டுனேன், இன்னும் காயல."

என்னையே பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அப்படியொரு சிரிப்பு. "பெரிய டிரைவராச்சே, வழி நெடுக நொட்டை சொல்லுவீங்கன்னு பயந்துட்டே வந்தேன். ஒரு வார்த்த சொல்லலயே நீங்க!"

உண்மைதான். கியரை எப்படி மாற்றினாள், வளைவில் எப்படித் திரும்பினாள், எதுவும் எனக்குத் தெரியாது. அவள் பக்கத்துக் கண்ணாடியின் மேல்மூலையில் ஒரு சின்ன நீர்க்குமிழி. அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நல்ல வெயில். வற்றிவிடும்.