ஐந்தாவது ஆள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா, இல்லை அலமாரியில் சேர்த்துவைக்கிறீர்களா?

அகதிகளாக வந்திறங்கும் குடும்பத்துக்கு இடம் பழக்கிவிட, உள்ளூர்த் தொண்டர் ஒருவரைச் சேர்த்துவைப்பதுதான் என் வேலை. எனக்கே கல்யாணம் ஆகவில்லை, ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்க்கிறேன்.

போன வாரம் நம் மொழி பேசும் குடும்பம் ஒன்று வந்தது. "அஞ்சு பேர்" என்றார் அந்த அக்கா. படிவத்தில் அப்படியே எழுதிவிட்டேன். அவர்களுக்கு நான் பொருத்திய தொண்டர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ஊர் சுற்றிக்காட்ட ஐந்து டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். வந்தது நாலு பேர். மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன்.

பஸ்ஸில் அக்கா பக்கத்து இருக்கையில் பையை வைத்தார். உட்கார வந்தவரைக் கைநீட்டித் தடுத்து, நம் மொழியிலேயே, "ஆள் இருக்கு" என்றார். கணவர் என் காதோடு சொன்னார்: "மூத்தவ வர்ற வழியிலயே செத்துப்போயிட்டா தம்பி. இவகிட்ட மட்டும் நாலு பேர்னு சொல்லிடாதீங்க."

தொண்டருக்கு நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் எல்லோரும் இறங்கிய பிறகும், இன்னொருவர் இறங்குகிற நேரம்வரை அவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மேலாளர் படிவத்தைத் திருத்தச் சொல்கிறார். எனக்குக் கை வரவில்லை. இப்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால், அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருக்கிறது.

என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது. ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டாராமே. வேண்டாம் அம்மா. யாராவது கேட்டால், ஆள் இருக்கு என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்